நடந்ததைச் சொல்லாமலே புரியவைக்கலாம்

வேதாரண்யம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, திருமணத்துக்குப் பின் மனைவியின் ஊரான மயிலாடுதுறையில் குடியேறி, மைத்துனரின் மளிகை மொத்தக் கடையில் கணக்குப் பார்த்துவரும் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது வீட்டுச் சுவர் இடிந்து அவருடைய தந்தை இறந்தார். விடியும்வரை இருட்டில் மண்ணையும் ஓட்டையும் விலக்கிக்கொண்டிருந்தவர் இவர். இப்போது காற்று சற்றுப் பலமாக வீசினாலே உறக்கம் போய்விடுகிறது. கடை ஷட்டரை யாராவது வேகமாக இழுத்தால் உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது. சொந்த ஊருக்குப் போவதையே தவிர்க்கிறார். தஞ்சாவூரில் பார்த்த மனநல மருத்துவர், இது பி.டி.எஸ்.டி., அதாவது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டிலோ மாமியார் "பயந்த கோளாறு" என்று மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறார், மைத்துனர் "இத்தனை வருஷம் ஆச்சு, இன்னுமா?" என்கிறார். "ஒவ்வொருவரிடமும் அந்த இரவை முதலிலிருந்து சொல்ல என்னால் முடியாது. சொல்லாமல் இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?" என்பதே அவருடைய கேள்வி.

சொல்ல வேண்டியதில்லை என்பதே என் பதில். உங்களைப் புரிந்துகொள்வதற்கு அந்த இரவில் என்ன நடந்தது என்று அவர்கள் அறிந்திருக்க வேண்டும் என நீங்களும் நினைக்கிறீர்கள், அவர்களும் நினைக்கிறார்கள். ஆனால் உங்களோடு அன்றாடம் வாழ்பவர்களுக்குத் தேவைப்படுவது அன்றைய கதையல்ல, இன்றைய விவரம்: எது உங்களைக் கிளறிவிடுகிறது, அப்போது வெளியே என்ன தெரியும், அந்த நேரத்தில் அவர்கள் என்ன செய்தால் உதவி, என்ன செய்தால் தொல்லை. இந்த விவரத்தைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். முழுக்கதையையும் கண்ணீரோடு கேட்டுவிட்டு, மறுநாள் காலையில் அதே ஷட்டரைத் தடாலென்று இழுக்கும் உறவினர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். கதைக்கும் ஷட்டருக்கும் உள்ள தொடர்பை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நோயின் அடிப்படையை முதலில் நீங்களே தெளிவாக வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பிறருக்கு விளக்கும்போது நாம் தடுமாறுகிற இடம் பெரும்பாலும் நமக்கே தெளிவில்லாத இடம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் தற்போதைய நோய் வகைப்பாடு இந்தக் கோளாறுக்கு மூன்று மையக் கூறுகளைச் சொல்கிறது. நடந்தது நினைவாக வராமல், இப்போது மீண்டும் நடப்பதுபோல் கனவிலோ விழிப்பிலோ வருவது ஒன்று. அதை நினைவூட்டும் இடம், ஆள், பேச்சு ஆகியவற்றை விலக்குவது இரண்டாவது. ஆபத்து இன்னும் போகவில்லை என்ற உணர்வில் உடல் எப்போதும் உஷாராக இருப்பது மூன்றாவது. நீங்கள் எழுதியிருப்பதில் இந்த மூன்றுமே இருக்கின்றன. புயல் கரையைக் கடந்த பின் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டை இறக்கிவிடுகிறார்கள். உங்கள் உடலுக்குள் அன்று ஏற்றிய கூண்டை யாரும் இறக்கவில்லை. மூளையில் ஆபத்தை முகர்ந்து அறியும் பகுதி, சிந்தித்து முடிவெடுக்கும் பகுதியைக் கேட்காமலே வேலை செய்யக்கூடியது. ஷட்டர் சத்தத்துக்கு முதலில் உடம்பு குனிகிறது, அது ஷட்டர்தான் என்று மனம் பிறகே அறிகிறது. இதில் கோழைத்தனத்துக்கோ சோம்பலுக்கோ இடமில்லை. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இந்தப் பெயர் இடம்பெற்றபோது வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் நிலை அதற்கு ஒரு பெரிய காரணமாக இருந்தது. போர்க்களம் கண்டவனுக்கும் வருவதைக் கோழைத்தனம் என்று சொல்லிவிட முடியாது என்று மைத்துனரிடம் சொல்லலாம். ஆண்களிடம் இந்த ஒரு செய்தி சில சமயம் நன்றாக வேலை செய்கிறது.

"இன்னுமா?" என்ற கேள்விக்கு நேர்மையான விடை உண்டு. நாள்பட நாள்பட இது தானாக ஆறிவிடும் என்பது பலருக்கு உண்மை, எல்லோருக்கும் உண்மையல்ல. உலக மக்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் வாழ்வில் ஒரு முறையேனும் அதிர்ச்சி தரத்தக்க நிகழ்வைச் சந்திக்கிறார்கள் என்றும், அவர்களில் 5.6 விழுக்காட்டினருக்கே இந்தக் கோளாறு உண்டாகிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. கோளாறு வந்தவர்களிலும் 40 விழுக்காடு வரையிலானோர் ஓராண்டுக்குள் தேறிவிடுகிறார்கள். தேறாதவர்களுக்கு நாள் கடப்பது மட்டும் மருந்தாகாது. நினைவூட்டுவதையெல்லாம் விலக்கி விலக்கி வாழ்வதால், அந்த இடமும் சத்தமும் இப்போது ஆபத்தற்றவை என்று உடம்பு கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை. ஏழாண்டு ஆனாலும் அச்சம் பழையபடியே இருப்பதற்கு இதுதான் காரணம்.

காவிரிப் படுகையில், குறிப்பாகக் கடலோரத்தில், புரிதலுக்குக் குறுக்கே நிற்கும் பெரிய தடை அறியாமையல்ல, ஒப்பீடு. ஊரே அடிபட்ட இடம் இது. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது தமிழ்நாட்டில் அதிக உயிர்களை இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம். கஜா அடித்தபோது தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிராமங்கள் கிடந்தன. அப்படிப்பட்ட ஊரில் "எல்லாரும்தான் பட்டோம், எழுந்து நடக்கலையா?" என்ற சொல் மிக எளிதாக வந்துவிடுகிறது. அதைச் சொல்பவரும் ஏதோ ஒன்றை இழந்தவராக இருப்பார் என்பதால் எதிர்த்துப் பேசவும் வாய் வராது. ஆனால் ஒரே புயல் எல்லோருக்கும் ஒரே இரவைக் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்து முகாமில் படுத்திருந்தவருக்கும், சொந்தக் கையால் இடிபாட்டை விலக்கித் தந்தையைத் தேடியவருக்கும் நேர்ந்தது ஒன்றல்ல. மரணத்தை எவ்வளவு அருகில் கண்டார், செய்வதறியாது எவ்வளவு நேரம் சிக்கியிருந்தார், இறந்தவர் எவ்வளவு நெருங்கியவர் என்பவையெல்லாம் நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேரிடருக்குப் பின் நம் ஊர்களில் இழப்பைக் கணக்கெடுக்கும் முறையே மரத்திலும் கூரையிலும் மாட்டிலும்தான் ஓடுகிறது. எத்தனை தென்னை, ஓட்டு வீடா கூரை வீடா, நிவாரணம் வந்ததா என்று விசாரித்தவர்கள் நூறு பேர் இருப்பார்கள். உறங்க முடிகிறதா என்று விசாரித்தவர் ஒருவரும் இருந்திருக்க மாட்டார். கேட்கத் தெரியாததாலும், கேட்டால் அழுதுவிடுவாரோ என்று அஞ்சியதாலும் அது நடக்கிறது. அதன் விலை பெரிது: 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த, பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து நோக்கிய ஓர் ஆய்வில், இந்தக் கோளாறோடு வலுவாகத் தொடர்புடையவையாகத் தெரிந்தவற்றுள் ஒன்று, நிகழ்வுக்குப் பின் சுற்றத்தாரின் ஆதரவு கிடைக்காமல் போவது. ஆகவே வீட்டார் உங்களைப் புரிந்துகொள்வது ஏதோ மனத்துக்கு இதமாக இருக்கட்டும் என்று கேட்கும் சலுகையல்ல; நோயின் போக்கையே அது மாற்றக்கூடியது.

இனி உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட ஒன்றுக்கு வருகிறேன், அதில்தான் விஷயம் அதிகம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஐப்பசிக் கடைசி நாளில் உங்கள் மாமனார் வீட்டில் எல்லோரும் காவிரிப் படித்துறையான துலாக் கட்டத்துக்குக் கடைமுழுக்குக்குப் போகிறார்கள், நீங்கள் மட்டும் ஏதாவது காரணம் சொல்லித் தங்கிவிடுகிறீர்கள், அது மாமனாருக்கு மனக்குறை என்று எழுதியிருக்கிறீர்கள். கடைமுழுக்கு பெரும்பாலும் நவம்பர் 16-இல் வருகிறது. 2018-இலும் அப்படித்தான் வந்தது. அவர்களுக்கு அது காவிரியில் மூழ்கிக் குளிக்கும் புண்ணிய நாள், உங்களுக்கு அது தந்தை இறந்த நாள். தந்தையின் திதி ஒவ்வோர் ஆண்டும் வேறு தேதியில் வருவதாலும், திவசத்தை நீங்கள் முறையாகக் கொடுத்துவிடுவதாலும், அந்த நாள் முடிந்துவிட்டது என்று வீட்டார் எண்ணுகிறார்கள். உடம்போ திதியைப் பார்ப்பதில்லை. ஈரக் காற்று, கருத்த வானம், தொலைக்காட்சியில் புயல் சின்னம், கூட்டத்தின் இரைச்சல் ஆகியவை சேர்ந்து வரும்போது அது அந்தப் பருவத்தை அடையாளம் கண்டுகொள்கிறது. நிகழ்வு நடந்த நாளையொட்டி அறிகுறிகள் கூடுவது மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று.

இதைக் காரணம் சொல்லி மழுப்பாமல் முன்கூட்டியே, ஐப்பசி பிறக்கும்போதே, மாமனாரிடம் சொல்லிவிடுங்கள். "மாமா, கடைமுழுக்கு அன்னிக்குத்தான் அப்பா போனது. அந்த ஒரு நாள் கூட்டத்துல நிக்க என்னால முடியல. உங்க மேல மரியாதை இல்லாம இல்ல" என்றால் போதும். அதற்கு மேல் அவர் கேட்டாலும் "அதைப் பத்திப் பேசினா நாலு நாள் தூக்கம் போயிடும் மாமா" என்று நிறுத்திக்கொள்ளலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வேன்: மறுநாள் கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கு, அன்றைக்கு உங்களோடு வருகிறேன் என்று. ஐப்பசிக்குள் வந்துசேர முடியாதவனுக்காக ஒரு நாளைத் தள்ளிவைத்துக் கொடுத்த ஊர் அது. மாமனாருக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒவ்வொருவரிடமும் ஒரே விளக்கத்தைச் சொல்ல வேண்டாம். அவரவர் உங்களைச் சந்திக்கிற இடத்துக்கு ஏற்பச் சொல்லுங்கள். மைத்துனர் உங்களைக் கடையில் பார்க்கிறவர். அவரிடம், "மச்சான், ஷட்டர் சத்தம் திடீர்னு கேட்டா ஒரு நிமிஷம் உடம்பு என் பேச்சைக் கேக்காது. இறக்குறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுத்துடுங்க. அப்படியும் நான் எழுந்து வெளிய போனா பின்னாடி வர வேணாம், அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன்" என்று சொல்லுங்கள். இதில் கதை இல்லை, அனுதாபம் கோரலும் இல்லை, செய்ய வேண்டிய வேலை மட்டும் இருக்கிறது. வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இப்படிச் சொன்னால்தான் பிடிபடும். மாமியார் உங்களை இரவில் பார்க்கிறவர். "அத்தை, நீங்க கட்டுன கயிறு கையிலயே இருக்கட்டும். மாத்திரையையும் விடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ராத்திரி நான் முழிச்சு உக்காந்திருந்தா என்ன ஏதுன்னு கேக்காம லைட்டை மட்டும் போட்டு விடுங்க" என்றால் அவர் மறுக்க மாட்டார். கயிற்றை அறுத்தெறிந்துவிட்டு அறிவியல் பேசுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. குணசீலத்துக்கும் நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் மனக்கலக்கத்தோடு போய் நிம்மதியோடு திரும்புகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள்; போகட்டும். மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, அடித்து விரட்ட வேண்டும் என்று சொன்னாலோ மட்டும் அந்த இடத்தில் நிற்காதீர்கள்.

மனைவிக்கு இவர்கள் எல்லோரையும்விடக் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். பழைய நினைவு வந்து நீங்கள் உறைந்து நிற்கும்போது பின்னாலிருந்து தொடுவதோ உலுக்குவதோ கூடாது. எதிரே, கைக்கெட்டாத தூரத்தில் நின்று, பெயர் சொல்லி அழைத்து, இது எந்த ஊர், என்ன கிழமை, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று நிதானமாகச் சொல்ல வேண்டும். விளக்கைப் போடுவது, குளிர்ந்த தண்ணீர் கொடுப்பது, காலைத் தரையில் அழுத்தி ஊன்றச் சொல்வது ஆகியவை மனத்தை இந்த இடத்துக்கு இழுத்துவரும். அந்த நேரத்தில் அறிவுரை எதுவும் உள்ளே போகாது. மறுநாள் பகலில் பேசிக்கொள்ளலாம். உங்கள் எரிச்சல் அவர்மேல் எழுந்ததல்ல என்பதையும் பகலில்தான் சொல்ல வேண்டும், ஒருமுறையோடு நிறுத்தாமல். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 உங்கள் சிகிச்சை விவரத்தை இரகசியமாகக் காக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது, ஆகவே மருத்துவர் தாமாக மனைவியை அழைத்துப் பேசமாட்டார். நீங்கள் விரும்பினால் அடுத்த முறை அவரையும் கூட்டிச் சென்று, மருத்துவர் வாயாலேயே விளக்கச் சொல்லலாம். நீங்கள் பத்து முறை சொல்லி ஏறாதது அங்கே ஒரு முறையில் ஏறும்.

இத்தனையும் சொன்ன பிறகு, வீட்டாருக்குச் சற்றுக் கசப்பான ஒன்று. புரிந்துகொண்ட குடும்பம் சில சமயம் அளவுக்கு மீறிக் காக்கத் தொடங்கிவிடும். ஊருக்குப் போக வேண்டாம், கடைக்கு வர வேண்டாம், மழை நாளில் வெளியே தலைகாட்ட வேண்டாம் என்று எல்லாவற்றையும் அவர்களே தள்ளிவிட்டால், மேலே சொன்ன விலக்கல் குடும்பத் தொழிலாகிவிடும். ஷட்டரை இறக்குமுன் குரல் கொடுப்பது உதவி. ஷட்டரே இல்லாத வாழ்க்கையை அமைத்துக் கொடுப்பது உதவியல்ல. எதைத் தாங்கலாம், எதை இப்போதைக்கு விடலாம் என்ற எல்லையைச் சிகிச்சை தருபவரோடு சேர்ந்து வகுத்துக்கொள்வதே முறை.

சிகிச்சையைப் பற்றி எழுதாமல் விட முடியாது, ஏனென்றால் மாத்திரையை மட்டும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். செர்ட்ராலின், பராக்சிடின் போன்ற மருந்துகளுக்கு இந்தக் கோளாறில் நல்ல ஆதாரம் உண்டு. ஆனால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், ஒரு வாரம் சாப்பிட்டுவிட்டுப் பயனில்லை என்று விடக் கூடாது. மாத்திரைக்கு ஈடாக, பலருக்கு அதற்கும் மேலாக, உதவுவது அதிர்ச்சியை மையப்படுத்திய பேச்சுச் சிகிச்சை. நினைவை அஞ்சாமல் அணுகப் பயிற்சி தரும் முறையும், கண்ணசைவுகளோடு நினைவைச் செரிக்கவைக்கும் இ.எம்.டி.ஆர். என்ற முறையும் இதில் அடங்கும். வழக்கமாக வாரம் ஒன்றாகச் சில மாதங்களில் முடியும். அந்த இரவை விரிவாகப் பேச வேண்டிய இடம் அதுதான், பயிற்சி பெற்ற ஒருவர் முன், உங்கள் வேகத்தில். கல்யாண வீட்டுப் பந்தியில் உறவினர் வற்புறுத்திக் கேட்கும்போது அல்ல. நிகழ்வு நடந்த சூட்டோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பது நோயைத் தடுப்பதில்லை என்பதால் உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைப்பதில்லை. "பேசிட்டா சரியாயிடும்" என்று வற்புறுத்துகிறவர்களுக்கு இது தெரிந்திருந்தால் நல்லது. மெடிக்கலில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரையும், அல்பிரசோலம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகளும், டாஸ்மாக்கும் ஓரிரவுக்குத் தூங்கவைக்கும், நோயை நீட்டிக்கும். நீங்கள் அவற்றைப் பற்றி எதுவும் எழுதவில்லை என்றாலும், உறக்கமற்ற ஆண்கள் முதலில் போகிற இடம் அதுதான் என்பதால் சொல்லிவைக்கிறேன். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் உள்ளன. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் என்ற அரசுத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைத்துத் தமிழில் பேசலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அடுத்த மருத்துவ நாள்வரை காத்திருக்காமல் அன்றே அந்த எண்ணை அழையுங்கள், அல்லது மனைவியை எழுப்பி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

மகளிடம் என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். நான்கு வயதுக் குழந்தை, அப்பா ஏன் விடியவிடிய உட்கார்ந்திருக்கிறார் என்பதற்குத் தானாக ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்ளும், அநேகமாகத் தன்னையே காரணமாக்கிக்கொள்ளும். "முன்னாடி ஒரு பெரிய புயல்ல அப்பா ரொம்பப் பயந்துட்டேன், காத்து அடிச்சா அது ஞாபகம் வருது, டாக்டர்கிட்ட போயிட்டுத்தான் இருக்கேன், உன் மேல கோவம் இல்ல" என்ற அளவே அவளுக்குப் போதும்.

கடைசியாக, வரப்போகும் வடகிழக்குப் பருவமழைக்கு. உங்கள் அச்சம் முழுக்கப் பொய்யல்ல. இந்தக் கடற்கரையில் புயல் வரத்தான் செய்யும். டார்ச், பத்திரங்கள், குடிநீர், கூரையின் நிலை ஆகியவற்றை ஐப்பசிக்கு முன்னரே மனைவியோடு ஒருமுறை சரிபார்த்து முடித்துவிடுங்கள். அதன்பின் இரவு இரண்டு மணிக்கு எழுந்து மறுபடி மறுபடி கூரையைப் பார்க்கத் தோன்றினால், அது முன்னெச்சரிக்கையல்ல, நோயின் வேலை என்று உங்களுக்கே அடையாளம் தெரியும். வாட்ஸ்அப்பில் வருகிற புயல் வீடியோக்களைத் தவிர்த்து, வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை மட்டும் பாருங்கள்; இடைப்பட்ட நேரத்தில் எச்சரிக்கை ஏதும் வந்தால் சொல்லும் பொறுப்பு மைத்துனருடையதாக இருக்கட்டும். சாலை துண்டித்துப்போனால் மாத்திரை தீர்ந்துவிடும். இவ்வகை மாத்திரைகள் திடீரென்று நின்றால் தலைச்சுற்றலும் படபடப்பும் வந்து அதையே நோய் முற்றியதாக எண்ணிக் கலங்குவீர்கள். எனவே புரட்டாசியில் மருத்துவரைப் பார்க்கும்போதே ஒரு மாதத்துக்குக் கூடுதலாக எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கி, நனையாமல் டப்பாவில் போட்டு மனைவியிடம் கொடுத்து வையுங்கள்.